தாராவுக்கு ஒரு கல்

எங்கள் வட்டார முன்னாள் படைவீரர் சங்கத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். போன ஐப்பசியில் தாரா செத்துப்போனபோது, மலர் வளையம் வைக்க நாலு பேர் வாருங்கள் என்று கேட்டேன். "நாய்க்கா?" என்று ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் பேசாமல் இருந்தீர்கள். அது இன்னும் மனசில் கிடக்கிறது.

தாரா என்னோடு காஷ்மீரில் ஆறு வருஷம் வேலை பார்த்த லாப்ரடார். ராணுவ வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால் ரோட்டை அவள்தான் மோந்து பார்ப்பாள். வெடிமருந்து வாசம் கிடைத்தால் குரைக்க மாட்டாள், அப்படியே உட்கார்ந்துவிடுவாள். ஓய்வு கொடுத்ததும் தத்தெடுத்து ஊருக்குக் கூட்டி வந்தேன். இங்கேயும் வயலுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு மதகையும் மோந்து பார்த்த பிறகுதான் என்னைத் தாண்ட விடுவாள். மாரியம்மன் திருவிழாவுக்கு வாணவெடி மூட்டை வந்து இறங்கிய அன்று, அதன் முன்னால் போய் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். அப்போதே முகமெல்லாம் நரைத்திருந்தது. பந்தைத் தூக்கிப் போட்ட பிறகுதான் எழுந்தாள்.

2022 ஜூலையில் காஷ்மீர் பாராமுல்லாவில் குண்டடிபட்டுச் செத்த ராணுவ நாய் ஆக்சலுக்கு அதிகாரிகள் மலர் வளையம் வைத்தார்கள்; அந்த வருஷச் சுதந்திர தின விருதுப் பட்டியலிலும் அதன் பெயர் வந்தது. 2023இல் ரஜௌரியில் தன்னை நடத்திப்போகும் வீரரை, அதாவது ஹேண்ட்லரை, காப்பாற்றி உயிரைவிட்ட நாய் கென்ட்டுக்கும் மரியாதை நடந்தது. சரி, வேலையை முழுசாக முடித்துவிட்டு ஊரில் வந்து செத்தால் ஒன்றும் கிடையாதா? நம்மில் ஒருவர் வீட்டில் படுத்துச் செத்தாலும் சங்கத்திலிருந்து மாலையோடு போகிறோமே!

நாய்க்குக் கல் நடுவது நமக்குப் புதுசும் இல்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லில் வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. மாட்டுத் திருடர்களைக் கடித்துக் காவல் இருந்த அந்த நாயின் பேர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள்.

தாராவுக்குக் கொல்லைக் கோடியில் குழி வெட்டினேன். மழைக்காலம், மூன்றடியிலேயே தண்ணீர் ஊறிவிட்டது. வாளியால் இறைத்து இறைத்து, மகனும் நானும்தான் இறக்கினோம். கழுத்துப் பட்டையைக் கழற்ற மனசு வரவில்லை. நம் வண்டல் மண்தான் தெரியுமே, தை மாதத்துக்குள் மேடு அமுங்கி இப்போது இடமே தெரியவில்லை. டெல்டாவில் கல்லுக்கு எங்கே போவது? புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பலகைக்கல்லுக்குச் சொல்லியிருக்கிறேன். செலவு என்னுடையது.

கொடி வேண்டாம், குண்டு முழக்கம் வேண்டாம். கல் நடுகிற அன்று தொப்பியும் பதக்கமுமாக வந்து ஒரு சல்யூட் வையுங்கள். அப்புறம், இனி நம் வட்டாரத்துக்குத் தத்தெடுத்து வரும் படைநாய் எது செத்தாலும் சங்கத்திலிருந்து இரண்டு பேராவது போக வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். ஐப்பசிக்கு முன்னால் கல் வந்துவிடும். தேதி சொல்லி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சங்க உறுப்பினன்,
தாராவின் ஹேண்ட்லர்