சிகாகோவுக்கு அந்த ரேடியோ வராது

அன்பு மகனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். போனில் பேசினால் அப்பா நடுவில் புகுந்து கதையை வேறு பக்கம் இழுத்துவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன். பழைய நேஷனல் கடிகார ரேடியோ இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் நீ கேட்ட மாதிரி அதற்குள் புளூடூத் வைக்க மாட்டேன், சிகாகோவுக்கும் அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே ஐயா, காரணத்தைக் கேள்.

அந்தக் கடிகாரத்துக்குச் சொந்தமாக நேரம் தெரியாது. உள்ளே இருப்பது ஒரு சின்ன சிங்க்ரனஸ் மோட்டார். சுவரிலிருந்து வருகிற கரண்டு விநாடிக்கு 50 சைக்கிள் அடிப்பதை வைத்துத்தான் அது சுற்றுகிறது, அந்தச் சுற்றைப் பல்சக்கரங்கள் குறைத்துக் குறைத்து நிமிஷத்துக்கு ஒரு எண் தகடு விழ வைக்கின்றன. உங்கள் ஊரில் 60. நீ டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினாலும் அது 120 வோல்ட்டை 240 ஆக்குமே தவிர, 60-ஐ 50 ஆக்காது. மணிக்கு 12 நிமிஷம் முந்தி ஓடும். இரவு பத்து மணிக்கு நேரத்தைச் சரியாக வைத்து, ஆறு மணிக்கு அலாரம் போட்டுப் படுத்தால் நாலு நாற்பதுக்கே எழுப்பிவிடும், மருமகள் என்னைத்தான் திட்டுவாள்.

யார் ரிப்பேர் செய்தது என்று கேட்டாயே, நான்தான். இங்கே பினாங்கில், பாயான் லெப்பாசில் 1972-இல் ஃப்ரீ டிரேட் ஸோன் என்ற தொழிற்பேட்டை வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் தொழிற்சாலை பஸ் ஏறினோம். கல்யாணத்துக்கு முன்னால் தொழிற்சாலை லைனில் உட்கார்ந்து நாள் முழுக்க ஈயம் உருக்கி சோல்டர் வைத்த கை இது, அதை நீங்கள் எல்லாரும் மறந்துவிட்டீர்கள்.

போட்டதும் ம்ம்ம் என்று ஒரே இரைச்சல், அதற்குப் பின்னால் அறிவிப்பாளர் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து பேசுவது போலக் கேட்டது. இந்த வயது ரேடியோவில் இப்படி இரைந்தால் முதலில் பார்க்க வேண்டியது கரண்டைச் சீராக்குகிற பவர் பக்கத்துக் கப்பாசிட்டரைத்தான், உள்ளே இருக்கிற ஈரம் வருஷக்கணக்கில் காய்ந்துபோகும். பழையது 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். கடையில் 25 வோல்ட்தான் இருந்தது, அதையே வாங்கினேன். வோல்ட் கூடலாம், குறையக் கூடாது, மைனஸ் கோடு மட்டும் பழையது இருந்த பக்கமே இருக்க வேண்டும். பலகையைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மர் காலைச் சுற்றி ஈயம் மங்கிப்போய், மெல்லிசாக ஒரு வட்ட விரிசல். விட்டு விட்டுப் பாடினதே, அதற்குக் காரணம் அதுதான். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன், பளபளவென்று நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நீயும் இப்படி எதையாவது திறப்பவன்தான். கடிகார ரேடியோவில் ரேடியோவை அணைத்தாலும் கடிகாரத்துக்குக் கரண்டு போய்க்கொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் தொடாதே.

வால்யூம் குமிழில் கரகரப்பு இருந்தது, கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு முறை திருப்பியதும் போய்விட்டது. மோட்டாருக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பூட்டுக்கும் கீலுக்கும் அடிக்கிற ஸ்பிரேயைக் கொண்டுவந்து நின்றார் அப்பா, தகடெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று விரட்டிவிட்டேன். எண் தகடுகளை மெல்லிய பிரஷ்ஷால் தட்டியதோடு சரி. பெட்டி மஞ்சளாகிவிட்டது, பெராக்சைட் பூசி வெயிலில் வைத்தால் வெளுக்குமாம். எதற்கு? நாங்களும்தான் நரைத்துவிட்டோம்.

அந்தத் தகடுகளை முன்பக்கமாக மட்டுமே திருப்ப வேண்டும், பின்னால் திருப்பினால் சிக்கி உடையும். 1981 கடைசி இரவு பதினொன்றரை மணிக்குத் மலேசியத் தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் தள்ளி வைத்தோம், நல்லவேளை, அரை மணி முன்னாலே போனது. அப்பா குமிழைத் திருக முப்பது தகடும் சடசடவென்று விழுந்தன. நீ அப்போது பிறக்கவில்லை.

புளூடூத்துக்கு வருகிறேன். அதற்கு வேறு வோல்டேஜ் வேண்டும், அதற்கொரு சின்ன கன்வெர்ட்டர், அது போடுகிற இரைச்சல் மீடியம் வேவில் அப்படியே கேட்கும், போதாததற்குப் பெட்டியில் ஓட்டை வேறு. காலையில் குமிழைத் திருகினால் மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி வருகிறது, அப்பாவுக்கு அது போதும். உனக்கும் ஒன்று வேண்டுமென்றால் அங்கேயே பழைய சாமான் கடையில் 120 வோல்ட், 60 சைக்கிள் என்று எழுதியிருப்பதைத் தேடு. இங்கே லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஜப்பானிலிருந்து வந்தவை கிடக்கும், பார்க்க அழகு, ஆனால் 100 வோல்ட், எஃப்எம் டயலும் 76-இல் தொடங்கி 90-இல் முடிந்துவிடும். நம் ஊர் நிலையங்கள் பெரும்பாலும் அதில் வராது.

ஒரு வேலை பாக்கி. எண்களுக்கு வெளிச்சம் தருகிற நியான் பல்பு கண்ணாடி கறுத்து மினுக்குகிறது. என்இ-2 என்று கேட்டால் அங்கே தருவார்கள், கம்பிக் கால் உள்ளதாக ஒரு பாக்கெட் வாங்கி அனுப்பு. கரண்டைக் கட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர் சேர்த்து விற்றால் வேண்டாம் என்று சொல், அது உங்கள் 120-க்குக் கணக்குப் பண்ணியது, நம் 240-க்கு வேண்டியதை நான் இங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா