உங்கள் காதில் தங்கிய தட்டுகளைச் சொல்லிவிடுங்கள்

காவிரிப் படுகையின் நாகஸ்வர, தவில் வித்வான்களுக்கும், பாடுகிறவர்களுக்கும், வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா வாசிக்கிறவர்களுக்கும், மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கும் தம்பிகளுக்கும் குத்தாலத்து மைக் செட்காரன் எழுதும் மடல்.

வணக்கம். உங்களை உருவாக்கிய இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் எவை என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். பெயர் தெரிந்திருக்காது. கல்யாணப் பந்தலில் மேளத்துக்கு எதிர்ப்பக்கம், மரப்பெட்டி மேல் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அப்பா சாவி கொடுக்கிற கிராமபோனும் இரண்டு கூம்புக் குழாயும் வைத்துத் தொழில் ஆரம்பித்தார். 1979ல் அது என் கைக்கு வந்தது. மூங்கிலில் குழாயைக் கட்டி, விடியற்காலை நாலரை மணிக்கு முதல் தட்டைப் போட வேண்டும். அந்த முதல் தட்டு நாகஸ்வரமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அப்பா வைத்த சட்டம். சினிமாப் பாட்டெல்லாம் பொழுது விடிந்த பிறகுதான்.

முகூர்த்தம் முடிந்து நலங்குக்கு நேரம் இருக்கும்போது மேளக்காரர்கள் வெற்றிலைப் பெட்டியோடு என் பக்கம் வந்து உட்காருவார்கள். "என்னென்ன தட்டு வச்சிருக்கே தம்பி?" என்று கேட்டபடியே பெட்டியைக் கிளறுவார்கள். நான் இசை கேட்கக் கற்றுக்கொண்டது அந்த அரை மணி நேரங்களில்தான்.

ஒரு காலைப் பொழுது மறக்கவே இல்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனைத் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. அன்று மேளம் வாசிக்க வந்த பெரியவர் வாயில் வெற்றிலையோடு எழுந்து வந்தார். "தட்டு ஓட்டமா ஓடுது தம்பி. அவங்க ஸ்ருதி இது இல்ல. இறக்கு" என்றார். கிராமபோனில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை மெதுவாக நகர்த்தினேன். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... நில்லு." அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். ஓர் இடத்தில் மட்டும் விரலைத் தூக்கி, "இந்த மத்தியமத்தைக் கேட்டியா?" என்றார்.

எனக்கு என்ன தெரியும்? அவர்தான் சொன்னார். முன்னாளில் எல்லாரும் வாசித்தது திமிரி. குட்டையான வாத்தியம், ஸ்ருதி மேலே. அதில் சுத்த மத்தியமம், அதாவது கீழ் 'ம' ஸ்வரம், சரியாகப் பேசாது. பிள்ளைக்கு அந்தக் குறை பொறுக்கவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு சேர்ந்து, நீளம் கூட்டி, ஸ்ருதி இறக்கிய பாரி நாகஸ்வரம் அப்படித்தான் வந்தது. தோடிக்குச் சுத்த மத்தியமம். அந்த ஒரு ஸ்வரத்தில் நின்று அவர் இழைக்கிற இழைப்பைத்தான் பெரியவர் விரலைத் தூக்கிக் காட்டினார். எத்தனையோ கல்யாணத்துக்கு அந்தத் தட்டைப் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கேட்டேன்.

தட்டு முடிந்ததும் ஊசியை எடுக்கப் போனேன். பெரியவர் சொன்னார்: "இதுல இருக்கிறது ஒரு வாய்த் தண்ணி. ஆறு வெளில ஓடுச்சு."

அந்தப் பேச்சுதான் இந்த மடலை எழுத வைக்கிறது. பத்து அங்குல 78 தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், நெருக்கிப் பிடித்தால் மூன்றரை. சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்காக ஒரே ராகத்தை வாசித்தவர்கள், ஊசி நடுவை எட்டுவதற்குள் முடித்துக் காட்ட வேண்டியிருந்தது. எதை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்பது தட்டைக் கேட்கிற என்னைப் போன்றவனுக்குத் தெரியாது. அதே வாத்தியத்தைக் கையில் எடுத்தவருக்குத் தெரியும். வாயில் வைத்து ஊதும் சீவாளி நன்றாக ஊறியிருந்ததா, மூச்சு எங்கே எடுத்தார், எந்தப் பிடியை, அதாவது எந்த ஸ்வரக் கோவையை, பாதியில் மடக்கினார் என்பதெல்லாம் உங்கள் காதுக்குத்தான் எட்டும்.

மிருதங்கமும் அப்படித்தான். பழைய தட்டுகளில் வலது கைப் பக்கமான வலந்தலை கேட்கும், இடது பக்கமான தொப்பியின் கும்மென்ற கும்காரம் பாதி காணாமல் போயிருக்கும். அந்தக் காலத்துப் பதிவில் கீழ்நாதம் சரியாக ஏறாது. தஞ்சாவூர் வைத்யநாதய்யரிடம் கற்ற பாலக்காடு மணி ஐயர் கச்சேரிக்கு மைக்கே வேண்டாம் என்றவர். மைக்கை வைத்துச் சோறு தின்றவன் நான், ஆனாலும் அவர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்குப் புரிகிறது. அவருடைய பதிவைக் கேட்டு வளர்ந்த மிருதங்கக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கே இடது கை இப்படிப் பேசியிருக்கும்" என்று சொன்னால், இல்லாத ஓசையும் கேட்கத் தொடங்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. உங்களை உருவாக்கிய பதிவுகள் எவை என்று ஒவ்வொருவரும் சொல்லுங்கள். இசைத்தட்டோ, கேசட்டோ, ரேடியோவில் பிடித்த கச்சேரியோ, எதுவானாலும் சரி. உலகத்திலேயே சிறந்தது எது என்று நான் கேட்கவில்லை. எதைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தேய்த்தீர்கள்? எதைக் கேட்டுவிட்டு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை? எதைக் கேட்டபின் உங்கள் வாசிப்பு மாறிப்போனது?

ஆல்பம் என்ற சொல்லே நமக்குக் கொஞ்சம் பொருந்தாத சட்டைதான். நம்மவர்களுக்கு ஒரு கச்சேரியே ஆல்பம். திருவிடைமருதூரில் பிறந்த புல்லாங்குழல் மாலியின் பெயரைச் சொன்னால், ரசிகர்கள் எந்த எல்.பி. என்று கேட்கமாட்டார்கள், எந்த ஊர் டேப் என்றுதான் கேட்பார்கள். எல்.பி. வந்த பிறகு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. 1963ல் வந்த எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம் எங்கள் தெருவின் கடிகாரமாகவே ஆனது. கேசட் வந்ததும் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் வரை பிடிக்க முடிந்தது. கச்சேரியின் நீண்ட உருப்படியான ராகம் தானம் பல்லவியை நடுவில் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோனது அப்போதுதான்.

கர்நாடக சங்கீதத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டுப்பட வேண்டாம். மயிலாடுதுறைப் பக்கத்துத் தவில்காரத் தம்பி ஒருவரிடம் உனக்கு ரொம்பப் பிடித்த பதிவு எது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. 1986ல் இளையராஜா செய்த 'ஹவ் டு நேம் இட்' என்றார். தியாகராஜருக்கும் மேலை இசைமேதை ஜே.எஸ். பாஹுக்கும் காணிக்கையாக்கிய இசைத்தொகுப்பு அது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஓடும்போது கீழே தாளம் எப்படி நடக்கிறது என்பதைத் தொடையில் தட்டிக் காட்டினார். அவர் கை காட்டிய பிறகுதான் எனக்கு அது பிடிபட்டது. நாகூர் ஹனீபாவின் குரலில் மேல்ஸ்தாயிக்குப் போகும் பழக்கத்தைக் கற்றேன் என்று ஒரு கோயில் நாகஸ்வரக்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார். சீர்காழி கோவிந்தராஜனின் தட்டைக் கேட்டுத்தான் வாய் திறந்து பாட வந்தேன் என்று ஓதுவார் ஒருவர் சொன்னார். இதெல்லாம் பந்தலில் பேசி, பந்தலோடு பிரித்துப் போட்ட பேச்சு.

செம்மங்குடி சீனிவாச ஐயர் தன் பாட்டுக்கு நாகஸ்வரம் எவ்வளவு கொடுத்தது என்று வெளிப்படையாகச் சொன்னவர். பாடகர் ஜி.என்.பி.யின் ராகத்திலும் நாகஸ்வரத்தின் சாயல் கேட்கும். நாகஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்திலிருந்து வந்து, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியைக் கற்று, கடைசிவரை ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தார். பெரியவர்கள் யாரைக் கேட்டார்கள் என்பது தெரிந்தால்தான் அவர்கள் வாசிப்பு எங்கிருந்து கிளம்பியது என்று புரிகிறது. உங்களைப் பற்றியும் நாளைக்கு ஒருவர் அதைத் தேடுவார்.

சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்துவிட்டேன். தோடியின் வேகத்தைத் திருத்திய அதே பெரியவர் காலமாகிப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பின் அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்பூல் டேப்பும் கேசட்டுமாக ஒரு அலமாரி நிறைய வைத்திருந்தார். இரண்டு நாள் முன்னால் பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டு எடுத்துப் போயிருந்தார். பெரியவரின் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், வெளியூரில் வேலை, வீட்டைக் காலி செய்ய வேண்டிய அவசரம். ஓடிப்போய்க் கடையில் தேடினேன். ஸ்பூல்களில் பூஞ்சை படர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஏழு கேசட் மட்டும் தேறின.

மேல் அட்டையில் பெரியவரின் கையெழுத்து. வாசித்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. இரண்டில் 'நல்லது' என்று எழுதியிருந்தார். நான்கில் 'ரொம்ப நல்லது'. ஒன்றில் மட்டும் 'கேக்கணும்' என்று ஒரே சொல்.

அந்தக் கேசட்டை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. நாகஸ்வரமும் தவிலும், நடுவில் தேர் வடத்தைப் பிடிக்கிற ஆட்களின் குரல். கரகரப்ரியா. இருபத்திரண்டாவது நிமிடத்தில் வாசிப்பவர் ஒரு பிடியை மூன்று முறை தொட்டுத் தொட்டு விடுகிறார், கூட்டத்தில் யாரோ "ஆஹா" என்கிறார். அந்த ஆஹா சொன்னவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்கிறது. பெரியவருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் இருந்தபோது அவர் பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்து, "ஐயா, இது யாரு, ஏன் கேக்கணும்?" என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதை நினைத்து இன்றும் மனசு ஆறவில்லை.

இப்போது எல்லார் சட்டைப்பையிலும் பதிவு செய்கிற போன் இருக்கிறது. நீங்கள் எழுத வேண்டியதில்லை, பேசினால் போதும். எந்தப் பதிவு, யார் வீட்டில் அல்லது எந்தக் கடை வாசலில் முதலில் கேட்டீர்கள், கூட யார் இருந்தார்கள், எத்தனையாவது நிமிடத்தில் கவனிக்க வேண்டும், அங்கே என்ன நடக்கிறது. தட்டின் வேகம் தவறி ஸ்ருதி மாறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். இணையத்தில் ஏற்றிய பழைய தட்டுகளில் பல ஸ்ருதி அரைக்கட்டை ஏறியும் இறங்கியும் கிடக்கின்றன, பிள்ளைகள் அதையே அவர் ஸ்ருதி என்று நினைத்துக் கற்கிறார்கள்.

திருவையாறு இசைக் கல்லூரியிலும் நம் மாவட்டங்களின் அரசு இசைப் பள்ளிகளிலும் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களுக்கு இதை ஒரு வேலையாகக் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரில் ஒரு மூத்த கலைஞரிடம் போய் உட்காரட்டும். நரசிங்கம்பேட்டையில் வாத்தியம் கடைகிறவர்களிடமும் போகச் சொல்லுங்கள். அவர்கள் வாத்தியத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்தத் தட்டைக் கேட்டு ஓசையைச் சரிபார்த்தார்கள் என்று அவர்களை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பெண்களை விட்டுவிடாதீர்கள். வித்வான்களின் வீட்டில் அம்மாவும் அக்காவும் கேட்டதைப் போல் ஆண்கள் கேட்டதில்லை. சாதகம் பிசகினால் அடுக்களையிலிருந்து திருத்தியவர்கள் அவர்கள்.

தை மாதம் தியாகராஜர் ஆராதனைக்கு எல்லாரும் திருவையாற்றுக்கு வருவீர்கள். நானும் வருகிறேன். ஆராதனை நாளான பஞ்சமி அன்று கூட்டத்தில் பேச முடியாது. அதனால் அதற்கு முந்தைய இரண்டு நாளும் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆற்றங்கரைப் படித்துறையில், மேளக்காரர்கள் காபி குடிக்க ஒதுங்குகிற பக்கத்தில் இருப்பேன். அப்பாவின் கிராமபோன், இரண்டு பெட்டித் தட்டு, ஒரு கேசட் பிளேயர், எல்லாம் கொண்டுவருகிறேன். உங்களுக்குப் பிடித்த தட்டு அதில் இருந்தால் போட்டுக்கொண்டே பேசலாம். இல்லையென்றால் பெயரை மட்டுமாவது சொல்லுங்கள், தேடிப் பிடித்துவிடுவேன்.

பெரியவரின் ஏழு கேசட்டும் கையில் இருக்கும். அறுபது வயதுக்கு மேற்பட்ட நாகஸ்வர வித்வான்கள் தயவுசெய்து அந்தக் கரகரப்ரியாவை ஒரு முறை கேட்டுவிட்டுப் போங்கள். வாசித்தது யார் என்று சொல்லுங்கள். அந்த இருபத்திரண்டாவது நிமிடத்தில் அவர் என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
மைக் செட்காரன்,
குத்தாலம்