எச்சரிக்கைகள் குறைந்தால்தான் கண்ணில் படும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருந்துச் சீட்டைக் கணினியில் எழுதும் முறை பரவினால் மருந்துப் பிழைகள் ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கையோடு தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். புரியாத கையெழுத்தால் வரும் குழப்பம் இதனால் தீரும் என்பதில் ஐயமில்லை. ஆனால், கட்டுரை பெரிதும் பாராட்டியிருந்த தானியங்கி எச்சரிக்கைகளை, அதாவது ஆபத்தான மருந்தோ அளவோ எழுதப்படுவதாகக் கருதினால் கணினித் திரையில் தானாகத் தோன்றும் சிவப்புப் பெட்டிகளைப் பற்றி, மருந்தாளுநர் என்ற முறையில் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிட்டு வருபவருக்கு கோ-டிரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதினால் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் உண்டு. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டுமே சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் என்று எழுதிவிட்டால் உயிருக்கே ஆபத்து. இந்த இடங்களில் கணினி குறுக்கிட்டே ஆக வேண்டும். ஆனால் அதே சிவப்புப் பெட்டி, எப்போதோ அமாக்சிசிலின் சாப்பிட்டு வயிற்றைப் புரட்டியதை யாரோ ஒவ்வாமை என்று பதிந்து வைத்ததற்காகவும் வருகிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு வேண்டுமென்றே சேர்த்துக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என்ற இரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்துகளுக்கும், சீட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் வருகிறது. ‘மீறுவதற்கான காரணம்’ என்று கேட்கும் கட்டத்தில் பலர் ஒரு புள்ளியை மட்டும் தட்டிவிட்டு நகர்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புள்ளிகளை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இத்தகைய எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை மீறப்படுவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான கட்டுரை ஒன்று கூறியது. இதை மருத்துவர்களின் அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. பெரும்பாலான நேரங்களில் மீறியவர் செய்ததே சரியாக இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது: மீறிப் பழகிய கை, உண்மையான எச்சரிக்கையையும் மீறிவிடுகிறது.

2013-இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது இதற்குச் சான்று. 16 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு 160 மில்லிகிராம் கோ-டிரைமாக்சசோல் கொடுக்க நினைத்து மருத்துவர் எண்ணை உள்ளிட, கணினி அதை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 160 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டது. மருத்துவரும் மருந்தாளுநரும் எச்சரிக்கையைக் கண்டும் கடந்து போனார்கள். ஒரு மாத்திரைக்குப் பதிலாக முப்பத்தெட்டரை மாத்திரைகள் தயாராகின. மருந்தைக் கொடுக்கும் முன் சீட்டோடு ஒப்பிடும் பார்கோடு சோதனையும் அந்த அளவே சரி என்றது. அவற்றைச் சாப்பிட்ட சிறுவனுக்கு வலிப்பு வந்தது. நல்லவேளையாக உயிர் பிழைத்தான்.

எச்சரித்தால் போதாது, எழுதவே விடாமல் தடுத்துவிட வேண்டும் என்பாரும் உண்டு. வார்ஃபரினோடு கோ-டிரைமாக்சசோல் எழுதுவதை ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கும் ஏற்பாட்டை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். மருத்துவர்கள் அந்தச் சேர்க்கையைக் கைவிட்டது கணிசமாகக் கூடியது. ஆனால் நான்கு நோயாளிகளுக்குத் தேவையான சிகிச்சை தாமதமானதால், ஆய்வையே இடையில் நிறுத்த நேர்ந்தது. ஆகவே குறுக்கிட்டு நிறுத்தும் எச்சரிக்கைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்க வேண்டும். மற்றவை திரையின் ஓரத்தில் ஒரு வரியாக நின்றால் போதும். இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடிய இரண்டு மருந்துகளைச் சேர்த்து எழுதும்போது, நோயாளியின் அண்மைய பொட்டாசிய அளவையும் அதே வரியில் காட்டினால் மருத்துவர் நின்று படிப்பார்.

மென்பொருள் நிறுவனங்கள் இதைத் தாமாகச் செய்ய மாட்டா. ஓர் எச்சரிக்கை விடுபட்டால் வழக்கு வரும்; நூறு எச்சரிக்கைகள் கூடுதலாகக் காட்டியதற்காக யார் வழக்குப் போடப் போகிறார்கள்? எனவே, எந்த எச்சரிக்கை எத்தனை முறை மீறப்பட்டது என்ற பட்டியலை மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் மாதந்தோறும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, பயனற்றவற்றை நீக்கும் ஏற்பாடு ஒவ்வொரு மருத்துவமனையிலும் வேண்டும். அப்படி நீக்கும் உரிமை மருத்துவமனைக்கு உண்டு என்பதை மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வாங்கிய பிறகு கேட்டால், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்ற பதில்தான் கிடைக்கிறது.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்