ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு நிமிடம்: தேர்வுப் பிரிவின் கணினி மையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினி மைய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகப் பொறுப்பாளராகப் பணிபுரிகிறேன். தேர்வு விண்ணப்பத் தளம் கடந்த மூன்று பருவங்களாகப் படுத்துகிற பாட்டைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் முதல்வர் அனுப்பிய நான்கு மின்னஞ்சல்களும், நான்குக்கும் வந்த "சர்வர் ரீஸ்டார்ட் செய்யப்பட்டது, இப்போது முயலவும்" என்ற ஒரே பதிலும் தங்கள் கோப்பில் இருக்கும். அந்த ஒரு வரிப் பதிலைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற மாதம் 18ஆம் தேதி, அபராதமின்றி விண்ணப்பிக்கக் கடைசி நாள். எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர், இரண்டு அரியர் தாள்களையும் சேர்த்து 1,350 ரூபாய் கட்டுவதற்காகக் காலை பத்து மணியிலிருந்து ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் வாங்கிக் கொடுத்த பணம் அது. பிற்பகல் 3.41க்கு அவருடைய கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாக வங்கியின் குறுஞ்செய்தி வந்தது. அதே 3.41க்குத்தான் சர்வரை ரீஸ்டார்ட் செய்ததாகத் தங்கள் அலுவலகம் ஒருங்கிணைப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் பிறகு தெரிவித்தது. தளம் மீண்டும் வந்தபோது அவர் பெயருக்கு நேரே "கட்டணம் செலுத்தப்படவில்லை" என்று இருந்தது. "சார், இன்னொரு தடவை கட்டினா ரெண்டு பணமும் போயிடுமா?" என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. 6.10 பேருந்தை விட்டால் அவர் ஊருக்கு வேறு பேருந்து கிடையாது என்பதால் அவரை அனுப்பிவிட்டு, ஆய்வகத்தில் இருந்த நாங்கள் மூவர் பணம் போட்டு மறுநாள் அபராதத்தோடு கட்டினோம். முதலில் போன பணம் பதினோராம் நாள் திரும்பியது. அபராதம் இன்றுவரை திரும்பவில்லை.

ரீஸ்டார்ட்டினால் யாருக்கும் நட்டமில்லை என்று தங்கள் மையத்தில் நினைக்கிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பணம் கட்டிவிட்டுப் பதிலுக்குப் பலர் காத்திருக்கும்போது அந்தச் சர்வரைச் சட்டென்று நிறுத்தினால் அவர்களை நட்டாற்றில் விட்டதாகிவிடும்.

ரீஸ்டார்ட் செய்யவே கூடாது என்று நான் கேட்கவில்லை. செய்வதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, சர்வர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பதிந்துவைத்துவிட்டுச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். தளம் எழுதப்பட்டுள்ள ஜாவா மொழியின் ஜேடிகே (JDK) தொகுப்புடனேயே வரும் ஜேஸ்டாக் என்ற கருவியைக் கொண்டு பத்து வினாடி இடைவெளியில் மூன்று முறை த்ரெட் டம்ப் எடுத்தால் போதும். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் கவனிக்கும் த்ரெட் என்ற பணியிழை அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்பதன் பட்டியல்தான் அது. செலவு எதுவும் இல்லை. டெண்டரும் விட வேண்டாம்.

சென்ற ஒருங்கிணைப்பாளர் கூட்டத்தில் தங்கள் பொறியாளர், தளத்தை இயக்கும் சர்வர் மென்பொருளான டாம்கேட்டின் பதிவுக் கோப்பைத் திரையில் காட்டினார். டேட்டாபேஸ் இணைப்புக்காகக் காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது என்ற பிழைச் செய்தி அதில் பக்கம் பக்கமாக வந்தது. டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்துவைத்து எல்லோருக்கும் மாறி மாறித் தரும் இணைப்புத் தொகுப்பின் உச்ச அளவை யாரும் மாற்றவில்லை, டாம்கேட்டின் இயல்பான எட்டிலேயே அது இருக்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. அந்தக் காலத்து வாடகை சைக்கிள் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் இருப்பவை எட்டு சைக்கிள்கள், அவைதான் இணைப்புகள். டாம்கேட்டின் இயல்பான கணக்கில் வாசலில் ஒரே நேரத்தில் நிற்கக்கூடியவர்கள், அதாவது த்ரெட்கள், 200 பேர். எடுத்தவர் உடனுக்குடன் திருப்பித் தந்தால் எட்டே பெரும்பாலும் போதும். தராவிட்டால் கடை திறந்திருந்தும் பயனில்லை. ரீஸ்டார்ட் செய்ததும் எட்டு சைக்கிளும் மாயமாகக் கடைக்குத் திரும்பிவிடுகின்றன, தளம் இரண்டு மணி நேரம் நன்றாக ஓடுகிறது, கோளாறு தீர்ந்தது என்று எல்லோரும் எழுந்து போய்விடுகிறோம்.

சைக்கிள்கள் ஏன் திரும்பவில்லை என்பதுதான் கேள்வி. இணையவழியில் பணத்தைப் பெற்றுத்தரும் கட்டண நிறுவனத்தின் பதில் வரும்வரை இணைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிரல் நிற்கிறதா, அல்லது பிழை நேரும்போது திருப்பித் தராமலேயே எங்கோ கிணற்றடியில் சாய்த்துவிட்டு மறந்துபோகிறதா? முன்னதென்றால், டம்ப்பில் எட்டுப் பேர் கட்டண நிறுவனத்தின் பதிலுக்காகவும் மற்றவர்கள் இணைப்புக்காகவும் காத்திருப்பது தெரியும். பின்னதென்றால், எல்லோரும் இணைப்புக்காகவே நிற்பார்கள், வைத்திருப்பவர் என்று ஒருவரும் இருக்க மாட்டார். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று காட்டக்கூடிய சாட்சியத்தை நாம் ஒவ்வொரு முறையும் நம் கையாலேயே அழித்துக்கொண்டிருக்கிறோம். போதாக்குறைக்கு, ரீஸ்டார்ட் செய்யும் ஸ்கிரிப்டே பழைய பதிவுக் கோப்புகளையும் நீக்கிவிடுகிறது என்று அதே பொறியாளர் சற்றுப் பெருமையோடு சொன்னார்.

இதற்கிடையில் நினைவகத்தை 16 ஜிபியிலிருந்து 32 ஜிபியாக உயர்த்தினீர்கள். கொட்டகை பெரிதாயிற்று, சைக்கிள் கூடவில்லை. த்ரெட் எண்ணிக்கையை 400 ஆக்கினீர்கள், வரிசை நீண்டது. பிறகு கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கை வந்தது: கேஷை நீக்கிவிட்டு வேறு பிரவுசரில் முயல வேண்டும், கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது. ஆய்வகத்தின் நாற்பது கணினிகளிலும் கேஷை நீக்கினோம். எங்கள் கணினிகள் இப்போது மிகச் சுத்தமாக இருக்கின்றன. கடைசி நாள் வரை யாரும் விரும்பிக் காத்திருப்பதில்லை, முதல் நாளிலிருந்தே தளம் திறக்காததால் காத்திருக்கிறோம் என்பதைச் சுற்றறிக்கை எழுதியவருக்கு யாராவது சொன்னால் நல்லது. அடுத்த பருவத்தில் சர்வர் அறை வாசலில் எலுமிச்சம்பழம் கட்டச் சொல்லி ஆணை வந்தாலும் வியப்படைய மாட்டேன்.

வரம்பு மீறி எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருள வேண்டுகிறேன். இரவு பகலாக அந்தச் சர்வரோடு போராடும் தங்கள் இரண்டு பொறியாளர்கள்மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை. காரணத்தைத் தேட அவர்களுக்கு நேரம் தராமல், "உடனே எழுப்பு" என்று மட்டுமே மேலிருந்து சொல்லப்படுகிறது என்பதையும் அறிவேன்.

அடுத்த மாதம் 3ஆம் தேதி மறுமதிப்பீட்டு விண்ணப்பம் தொடங்குகிறது. அதற்குள் ரீஸ்டார்ட் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் டம்ப் எடுக்கும் வரிகளைச் சேர்த்து, பதிவுக் கோப்புகளை நீக்கும் வரியை எடுத்துவிடும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். நெடுநேரம் திரும்பாத இணைப்பை மீட்டு, அதை வாங்கிய நிரல் வரி எது என்று பதிவுசெய்யும் அமைப்பும் டாம்கேட்டின் இணைப்புத் தொகுப்பிலேயே உண்டு, அதையும் இயக்கிவைக்கலாம். அதற்கு ஒருமுறை ரீஸ்டார்ட் தேவைப்படும். அந்த ஒன்றை நாங்கள் மனமார வரவேற்போம்.

டம்ப் கோப்புகளைப் படித்துப் பார்க்க ஆள் தேவையென்றால், எந்தச் சனிக்கிழமையும் சொந்தச் செலவில் வந்துசேர நான் ஆயத்தமாக இருக்கிறேன். அந்த மாணவியின் அபராதத் தொகைக்கான ரசீது நகலை முதல்வர் வழியாகத் தனியே அனுப்பியுள்ளேன்.

இப்படிக்கு,
இணைவு பெற்ற கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்