போதைப்பொருள் வழக்குகளில் கடத்தலுக்குப் பணம் போடும் முதலீட்டாளர்களின் சொத்து விசாரணையைக் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
போதைப்பொருள் வழக்குகளில் சட்ட உதவி வழங்கிவரும் வழக்கறிஞர்,
சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை 600 009.

பொருள்: போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985 – பிரிவு 57அ (சொத்து குறித்த அறிக்கை) மற்றும் அத்தியாயம் 5அ (சட்டவிரோதச் சொத்தின் முடக்கம், பறிமுதல்) – முழுமையாக நடைமுறைப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா ரயிலிலும் லாரியிலும் தமிழ்நாட்டுக்குள் வருவதையும், அதில் ஒரு பகுதி கடலோரத்திலிருந்து படகேறி இலங்கைக்குப் போவதையும் தாங்கள் நன்கறிவீர்கள். சரக்கு கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி பிடிபடும் அபாயத்துக்கான விலை. ஆனால் அபாயத்தைச் சுமப்பவர் கூலிக்குப் பை தூக்குபவர். அதற்கான விலையை வாங்கிக்கொள்பவர் சரக்கின் பக்கமே வராதவர்.

நான் வாதாடிய வழக்குகளின் குற்றப்பத்திரிகைகளில் கைப்பற்றல் மகஜர், எடை, மாதிரி, ரசாயன ஆய்வறிக்கை எல்லாம் ஒழுங்காக இருக்கும். சொத்துப் பட்டியலில் ‘சிம் கார்டுடன் கைப்பேசி ஒன்று’ என்றும் இருக்கும். அந்தக் கைப்பேசிக்கு யார் பணம் அனுப்பினார், ரயில் டிக்கெட்டை யார் எடுத்துக் கொடுத்தார் என்பதற்கு ஒரு தாள்கூட இருக்காது. பை தூக்கியவர் சிறைக்குப் போவார். போன சரக்கை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டு, பணம் போட்டவர் அடுத்த ஆளைத் தேடிக்கொள்வார். வேலையில்லாத இளைஞர்களுக்குப் பஞ்சமில்லாதவரை இந்தக் கணக்கு அவருக்குக் கட்டுப்படியாகும்.

கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேற்பட்டதே கடும் தண்டனைக்குரிய ‘வணிக அளவு’ என்றும், அதற்குக் கீழே இருந்தால் பிரிவு 37இன் கடுமையான ஜாமீன் நிபந்தனை பொருந்தாது என்றும் இத்தொழிலை நடத்துவோருக்கு நன்றாகவே தெரியும். சில இளம் வழக்கறிஞர்களைவிட நன்றாக. ஆகவே எடையை மட்டும் பார்க்கும் விசாரணை, சரக்கைப் பிரித்து அனுப்புபவருக்கே சாதகமாக முடிகிறது.

மேலும், தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், பிரிவு 67இன்கீழ் விசாரணை அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டனை பெற முடியாது. அத்தீர்ப்பு சரியானதே என்பது என் கருத்து. பிடிபட்டவர் பெயர் சொன்னால் போதும் என்றிருந்த பழக்கத்துக்கு மாற்றாக, வங்கிக் கணக்கு, பத்திரப்பதிவு, வாகனப் பதிவு ஆகிய ஆவணங்களின் வழியே முதலீட்டாளரை எட்டும் விசாரணையே இனிப் பயன்தரும்.

அதற்கான சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. இத்தொழிலுக்கு நிதியளிப்பவருக்குப் பிரிவு 27அ 10 முதல் 20 ஆண்டுவரை கடுங்காவல் விதிக்கிறது. 1989இல் சேர்க்கப்பட்ட 5அ அத்தியாயம் சட்டவிரோதச் சொத்தை முடக்கவும் பறிமுதல் செய்யவும் வழிசெய்வதோடு, உறவினர், கூட்டாளிகள் பெயரில் உள்ளவற்றையும் எட்டுகிறது. சொத்து நேர்வழியில் வந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் உரியவர்மீதே வைக்கிறது. இந்த அத்தியாயம் பொருந்தும் நபர் வழக்கில் இருந்தால், கைது அல்லது கைப்பற்றல் நடந்த 90 நாள்களுக்குள் அவருடைய சொத்து குறித்து, முடக்கத்தையும் பறிமுதலையும் முடிவுசெய்யும் தகுதிவாய்ந்த அதிகாரிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று 2014இல் சேர்க்கப்பட்ட பிரிவு 57அ கட்டாயப்படுத்துகிறது.

எனவே, வணிக அளவு வழக்குகள் அனைத்திலும் அந்த அறிக்கை அனுப்பப்பட்டதா என்பதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களும் மாநகரக் காவல் ஆணையர்களும் மாதந்தோறும் சரிபார்க்க ஆணையிடுமாறும், நிதி விசாரணையில் பயிற்சி பெற்ற அலுவலர் ஒருவரையேனும் ஒவ்வொரு மாவட்டத்திலும் நியமிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை கிலோ பிடிபட்டது என்பதோடு, எத்தனை பேரின் சொத்து முடக்கப்பட்டது, அந்த முடக்கத்தில் எவ்வளவு தகுதிவாய்ந்த அதிகாரியால் உறுதிசெய்யப்பட்டது என்பதையும் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சிறிய அளவுடன் பிடிபட்டு, தாமாகச் சிகிச்சைக்கு முன்வரும் போதை அடிமைகளுக்குப் பிரிவு 64அ தரும் பாதுகாப்பைக் காவல் நிலையங்களுக்குச் சுற்றறிக்கை மூலம் நினைவூட்டவும் வேண்டுகிறேன்.

இம்மனுமீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்