மிலம் கிராமத்தின் மக்கள்தொகை: கணக்கெடுப்பு ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இந்தியத் தலைமைப் பதிவாளர் மற்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர்,
புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உத்தராகண்ட் மாநிலம், பித்தோராகட் மாவட்டத்தில், முன்சியாரிக்கு வடக்கே கோரி கங்கை ஆற்றின் தலைப்பகுதியில் இருக்கும் மிலம் என்ற ஊரின் பொருட்டு இம்மடலை எழுதுகிறேன். இமயமலைக் கிராமங்களின் மக்கள்தொகைப் பட்டியல்களைப் பல காலமாகப் படித்துவரும் ஒரு வாசகன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. 2027 கணக்கெடுப்பின் முடிவுகளில் மிலம் போன்ற ஊர்கள் வெறும் ஓர் இலக்கமாகவோ, இன்னும் மோசமாக ஒரு பூஜ்யமாகவோ சுருங்கிவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1 என்றும், லடாக், ஜம்மு காஷ்மீர், இமாசலம், உத்தராகண்ட் ஆகியவற்றின் பனி மூடும் பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1 என்றும் குறிப்பு நாள்களை அரசு அறிவித்திருக்கிறது. கடந்த முறையும் இப்பகுதிகளில் 2010 செப்டம்பரிலேயே எண்ணி முடித்தார்கள். மார்ச் மாதத்தில் அங்கே கணக்கெடுப்பாளர் ஏறிச் செல்ல வழி இருக்காது, சென்றாலும் எண்ணுவதற்கு ஆள் இருக்கமாட்டார்கள் என்பதால் இந்த ஏற்பாடு சரியானதே. ஆனால் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் மிலத்தில் வேறொரு சிக்கல் உண்டு. அந்த ஊரின் மக்கள்தொகை மாதத்துக்கு மாதம் மாறுவது. எந்த மாதத்தில் எண்ணினாலும் கிடைப்பது உண்மையின் ஒரு பகுதிதான். அது ஏன் என்பதை விளக்க ஊரின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மிலம் இருக்கும் ஜோஹார் பள்ளத்தாக்கின் சௌக்கா மக்கள், அரசுப் பதிவேடுகள் போட்டியா என்று குறிப்பிடும் பழங்குடியினர், ஓராண்டை மூன்று உயரங்களில் வாழ்ந்தவர்கள். கோடையில் மிலம், மர்த்தோலி, புர்ஃபூ, டோலா முதலிய மேல் ஊர்கள், இடையில் முன்சியாரி, குளிரில் தேஜம், பாகேஷ்வர் பக்கத்துத் தாழ்வான பள்ளத்தாக்குகள். இதை நாடோடி வாழ்க்கை என்று எழுதுபவர்கள் உண்டு, எனக்கு அது ஏற்புடையதாகத் தெரியவில்லை. மேலே கல்வீடும் வயலும், கீழே இன்னொரு வீடும் நிலமும் வைத்துக்கொண்டு, குறித்த பருவத்தில் குறித்த வழியில் போய்வந்த குடிகள் அவர்கள். கோடையில் ஆடவர்கள் ஆட்டு மந்தைகளின் முதுகில் சிறு பொதிகளாகத் தானியமும் வெல்லமும் துணியும் ஏற்றிக்கொண்டு, ஐயாயிரம் மீட்டருக்கும் உயரமான உண்டா தூரா கணவாயைக் கடந்து, மேற்குத் திபெத்தின் கியானிமா சந்தைக்குப் போவார்கள். திரும்பும்போது உப்பும் கம்பளியும் வெண்காரமும் வரும். ஒவ்வொரு வணிகக் குடும்பத்துக்கும் அந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த ஒரு ‘மித்ர’ இருந்தார். அவரோடு மட்டுமே கொடுக்கல் வாங்கல். பெண்கள் ஊரில் இருந்து பயிரைப் பார்த்துக்கொண்டு, வந்த கம்பளியை நூற்று நெய்தார்கள். குளிர்காலத்தில் அந்தச் சரக்கு ஜௌல்ஜீபி, பாகேஷ்வர் திருவிழாச் சந்தைகளில் விலைபோனது. இந்த வணிகத்தின் பலத்தில்தான் விவசாயம் அதிகம் நடக்க முடியாத ஓர் உயரத்தில் மிலம் நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட பெரிய ஊராக வளர்ந்தது.

இமயமலைக்கு அப்பால் நிலப்படம் வரையக் கால்நடையாகச் சென்ற நைன் சிங் ராவத் 1830-இல் பிறந்ததும் இந்த ஜோஹாரில்தான். மிலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்ததால்தான் அவருக்குப் ‘பண்டிட்’ என்ற பெயர் நிலைத்தது. 1865–66-இல் அவர் யாத்ரிகர் வேடத்தில் லாசா வரை நடந்தார். வழக்கமான 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள் கோத்த ஜபமாலையில், நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளிக் கணக்கு வைத்துக்கொண்டார். 1877-இல் லண்டனின் ராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அவருடைய உறவினர் கிஷன் சிங் ராவத் 1878 முதல் 1882 வரை திபெத்தின் குறுக்கே அதைவிட நெடிய பயணம் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, பாதி ஆண்டு பனியில் கிடக்கும் ஓர் ஊரில் பள்ளி நடந்திருக்கிறது என்பது, அங்கே எத்தனை குடும்பங்கள் எவ்வளவு வசதியோடு இருந்திருக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

1962 போருடன் கணவாய்கள் மூடப்பட்டன. ஒரே பருவத்தில் ஊரின் முழு வருமானமும் நின்றுபோயிற்று. லிப்புலேக் கணவாய் வழியான எல்லை வணிகம் 1992-இல் மீண்டும் தொடங்கியபோதும் அதன் பயன் பக்கத்துப் பள்ளத்தாக்குகளுக்குக் கிடைத்ததே தவிர ஜோஹாரின் வழி திறக்கப்படவில்லை. 1967-இல் போட்டியா மக்கள் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டார்கள். ஏற்கெனவே கல்வியில் முன்நின்ற ஜோஹார் குடும்பங்கள் அரசுப் பணிகளுக்குச் சென்றன. முன்சியாரி, பித்தோராகட், ஹல்த்வானி, டேராடூன், லக்னோ என்று பரவின. மேல் ஊரில் குடும்பம் குடும்பமாகக் கோடையைக் கழிக்கும் வழக்கம் சில பத்தாண்டுகளில் தேய்ந்தது.

இன்றைய மிலத்தில் கூரை விழுந்த கல்வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. ஒரு வீட்டின் பக்கச் சுவர் முற்றாகச் சரிந்து, உள்ளே முளைத்த செடிகள் வெளியே தெரிகின்றன. ஆனால் செதுக்கு வேலை செய்த மர நிலையும் கதவும் அப்படியே இருக்க, அந்தக் கதவில் பூட்டு தொங்குகிறது. அருகிலேயே புதிதாகத் தகரம் வேய்ந்த வீடும், கல்வேலி கட்டிய உருளைக்கிழங்குப் பாத்தியும், தாளிப்புக்குக் காயவைத்த ஜம்பு என்ற மலைப்பூண்டு இலையும் இருக்கின்றன. கோடையில் சில குடும்பங்கள் வருகின்றன, இடையர்கள் மந்தையோடு வருகிறார்கள், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் இருக்கிறார்கள், சாலைப் பணிக்கு வெளி மாநிலத் தொழிலாளர்கள் வருகிறார்கள். ஊரை விட்டுப் போனவர்களின் பெயரில் ஊர் இருக்கிறது: மர்த்தோலியில் வேர் கொண்டவர் மர்த்தோலியா, டோலாவினர் டோலியா, புர்ஃபூவினர் புர்ஃபால். ஹல்த்வானியில் பிறந்து டில்லியில் வேலை பார்ப்பவரும் குலதெய்வ பூஜைக்கு மேலே ஏறிப் போகிறார்.

இந்த ஊரை உங்கள் கணக்கெடுப்பாளர் செப்டம்பரில் போய் எண்ணும்போது என்ன கிடைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கோடைக்கு வந்த குடும்பங்களில் சில அதற்குள் இறங்கியிருக்கும். சாலைத் தொழிலாளர்கள் முகாமிட்டிருந்தால் அவர்களும் ஊரின் வரிசையில் சேர்வார்கள். அவர்களும் எண்ணப்பட வேண்டியவர்களே. ஆயினும் பத்தாண்டுக்கு ஒருமுறை அச்சாகும் ஒற்றை எண்ணில், நிலமும் வீடும் உள்ள குடியும் ஒரு பருவத்துக்கு வந்த கூலித் தொழிலாளியும் பிரிக்க முடியாமல் கலந்துவிடுகிறார்கள். முகாம் வேறிடம் சென்றால் ஊரே காலியாகிவிட்டது போன்ற தோற்றம் அடுத்த கணக்கெடுப்பில் வரும்.

மிலத்தின் நிலை தனி ஒன்று அன்று. 2011 கணக்கெடுப்பின்படி உத்தராகண்டின் 16,793 கிராமங்களில் 1,048 ஆளில்லாதவை. அதே கணக்கெடுப்பில் அல்மோரா மாவட்டத்தின் மக்கள்தொகை 6,30,567-இலிருந்து 6,22,506 ஆகவும், பௌரி கட்வாலின் மக்கள்தொகை 6,97,078-இலிருந்து 6,87,271 ஆகவும் குறைந்தது. அல்மோராவில் ஆயிரம் ஆண்களுக்கு 1,139 பெண்கள் இருந்தார்கள். ஆண்கள் வேலை தேடிச் சமவெளிக்குப் போய்விட்டார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பின்னர் மாநில அரசு அமைத்த இடப்பெயர்வு ஆணையம் 2018-இல் அளித்த அறிக்கையில், 2011-க்குப் பிறகு மேலும் 734 கிராமங்கள் ஆளில்லாமல் போயின என்றது.

இந்த எண்களை வைத்துத்தான் எல்லாம் முடிவாகின்றன. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் மலை மாநிலக் குடியிருப்புக்கு 250 பேர் வேண்டும். மலைப்பகுதியில் துணைச் சுகாதார நிலையத்துக்கு 3,000 பேர் என்பது அளவுகோல். 2001 கணக்கெடுப்பைக் கொண்டு நடந்த தொகுதி மறுவரையறையில் உத்தராகண்டின் மலை மாவட்டங்கள் சட்டமன்ற இடங்களை இழந்தன, சமவெளி மாவட்டங்கள் அவற்றைப் பெற்றன. பள்ளியும் மருந்தும் இல்லாததால் மக்கள் போகிறார்கள். மக்கள் போனதால் பள்ளியும் மருந்தும் கிடைப்பதில்லை. இந்தச் சுழலை உங்கள் அலுவலகம் உண்டாக்கவில்லை. ஆனால் அது வெளியிடும் எண் எவ்வளவு மொட்டையாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாக இந்தச் சுழல் தொடர்கிறது. 2023-இல் ஒன்றிய அரசு எல்லைக் கிராமங்களை மீட்க ‘துடிப்பான கிராமங்கள்’ திட்டத்தைத் தொடங்கி 4,800 கோடி ரூபாய் ஒதுக்கியது. எந்த ஊருக்கு யார் திரும்பி வரக்கூடும் என்பது தெரியாமல் அந்தப் பணம் எப்படிச் சரியான இடத்தில் செலவாகும்?

நான் கேட்பதற்குப் புதிய படிவம் தேவையில்லை. வீட்டுப் பட்டியல் எடுக்கும்போதே காலியான வீடும், ஆள் குடியிருந்து பூட்டிக் கிடக்கும் வீடும் பிரித்துக் குறிக்கப்படுகின்றன. 2011-லேயே இந்தப் பிரிவு வந்துவிட்டது. அதை மலைக் கிராமங்களுக்கு ஊர்வாரியாக, மக்கள்தொகை எண்ணின் பக்கத்திலேயே அச்சிடுங்கள். பிறந்த இடம், கடைசியாக வசித்த இடம் ஆகிய கேள்விகளுக்கு நாடெங்கும் கிடைக்கும் விடைகளில் மலை ஊர்களின் பெயர்களும் இருக்கும். கைப்பேசிச் செயலியில் பதிவாகும் இந்தக் கணக்கெடுப்பில், அவ்விடைகளை ஊர்க் குறியீட்டோடு இணைத்து, ஓர் ஊரிலிருந்து போனவர்கள் எத்தனை பேர், எந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள் என்று வெளியிட முடியும். ஜோஹார் குழந்தைகள் இப்போது கீழே உள்ள மருத்துவமனைகளில் பிறப்பதால் பிறந்த இடம் மட்டும் போதாது. கடைசியாக வசித்த இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். 2011-இன் இடப்பெயர்வு அட்டவணைகள் வெளிவரவே பல ஆண்டுகள் ஆயின. இம்முறை அவ்வளவு காத்திருக்கும் நிலையில் இந்த ஊர்கள் இல்லை.

இன்னும் இரண்டு வேண்டுகோள்கள். ஆளில்லாத கிராமம் என்று வகைப்படுத்தப்படும் ஊர்களின் குறியீட்டை நீக்காமல், முந்தைய கணக்கெடுப்புகளில் அவற்றில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை மாவட்டக் கையேட்டில் ஒரே வரிசையில் தாருங்கள். மேல் ஊர்களுக்குச் செல்லும் கணக்கெடுப்பாளர்களை செப்டம்பர் முதல் வாரத்திலேயே, மந்தைகள் இறங்கத் தொடங்கும் முன் அனுப்பி வையுங்கள். முன்சியாரியில் இருக்கும் ஊர்ப் பெரியவர்கள் ஒருவரிருவரை உடன் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். எந்தப் பூட்டிய வீடு யாருடையது, அந்தக் குடும்பம் அந்த ஆண்டு கோடைக்கு வந்ததா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
மலைக் கிராமங்களின் கணக்கைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு குடிமகன்