ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே

கோத்தகிரி,
ஐப்பசி கடைசி வாரம்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழை விடட்டும், ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். விடுவதாக இல்லை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது, எதிர்மேட்டுத் தேயிலை கண்ணுக்கே தெரியவில்லை. முட்டி வலிக்கிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வீட்டில் உங்கள் இருவரையும் விசாரித்தாள். உடம்புக் கதை அவ்வளவுதான்.

யாழினி திறந்தவெளிச் சுரங்கத்தில் சேர்ந்துவிட்டாள் என்றதும் எனக்கு ஒரு சிரிப்பு. குழந்தையில் நீ வாங்கிக்கொடுத்த பொம்மையை விட்டுவிட்டு என் சர்வே செயினை இழுத்துக்கொண்டு திரிந்தவள்தானே! வந்த முதல் வருஷமே சரிவுப் பாதுகாப்புத் திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், "சர்வேயர் மாமாவைக் கேளுங்கப்பா" என்றாளாம். சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். நீயும் நெய்வேலியில் பம்புகளோடு காலம் தள்ளியவன்தான், தப்பிருந்தால் திருத்து.

எல்லோரும் முதலில் கேட்பது சரிவின் கோணத்தை. அது புத்தகத்திலேயே இருக்கிறது. 2017ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளின்படி மேல்மண் டம்ப், அதாவது நிலக்கரிக்கு மேலிருந்து தோண்டிக் கொட்டிய மண்குவியல், 37.5 டிகிரிக்கு மேல் செங்குத்தாக நிற்கக் கூடாது. ஓர் அடுக்கு 30 மீட்டரைத் தாண்டக் கூடாது. மொத்தச் சரிவில் ஒரு மீட்டர் ஏற வேண்டுமானால் ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளிப் போக வேண்டும். இயந்திரம் வைத்துத் தோண்டுகிற சுரங்கம் என்றால் குழியின் இறுதிச் சரிவை அறிவியல் ஆய்வு செய்து முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இதையெல்லாம் அவள் மனப்பாடமாகவே ஒப்பிப்பாள்.

அந்த 37.5 எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறாயா? காய்ந்த கல்மண்ணை டிப்பரிலிருந்து கொட்டினால் தானாகவே ஏறக்குறைய அந்தச் சரிவில் போய் நிற்கும், மூட்டையிலிருந்து கொட்டிய அரிசி குவிந்து நிற்பதுபோல. ஆனால் அரிசிக்குக் கீழே சிமெண்டுத் தரை இருக்கிறது. டம்புக்குக் கீழே என்ன இருக்கிறது? கரிசலா, களிமண்ணா, பழைய ஓடையா? அடித்தளம் வழுக்கினால் மேலே நீ எந்தக் கோணத்தில் அடுக்கினாலும் ஒன்றுதான். கொட்டுவதற்கு முன்னால் மெத்து மண்ணை வழித்து எடுப்பதும், டம்பைச் சுற்றி மாலைபோலக் கார்லண்ட் டிரெயின் என்கிற வடிகால் வெட்டுவதும் அதற்காகத்தான்.

வேல்ஸ் நாட்டு ஆபர்ஃபான் கதை உனக்குத் தெரியும். 1966 அக்டோபர் 21, காலையில் பள்ளிக்கூடம் தொடங்கிய நேரம். மலைமேல் குவித்திருந்த சுரங்கக் கழிவு குழம்பாக இறங்கிப் பள்ளியை மூடியது. 144 பேர் போனார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அந்தக் குவியலை ஓர் ஊற்றின் மேலேயே கொட்டியிருந்தார்கள். சர்வேக்காரனான என்னால் இன்றைக்கும் தாங்க முடியாத விஷயம், அந்த ஊற்று வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது என்பதுதான். ஆகவே யாழினிக்கு என் முதல் சொல்: கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால், சுரங்கம் வருவதற்கு முந்திய பழைய வருவாய் வரைபடத்தைத் தேடி வாங்கு. ஓடை எங்கே போனது, குளம் எங்கே இருந்தது என்று பார். முடிந்தால் ஊர்க் கிழவி ஒருத்தியைக் கேள்.

தண்ணீரைப் பற்றி உனக்கு நான் சொல்வதா! நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நீர் அழுத்தத்தோடு காத்திருக்கிறது, பம்பு நின்றால் குழியின் தரையே பொங்கிவிடும் என்று ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தவன் நீ. பெஞ்சுக்கு, அதாவது குழிச்சுவரில் படிபோல வெட்டிய அடுக்குக்கு, பின்னால் தேங்கும் தண்ணீரும் அதே வேலையைத்தான் பக்கவாட்டில் செய்கிறது. குழாய் இறக்கி நீர்மட்டம் பார்க்காத திட்டம் பாதித் திட்டம்.

அப்புறம், நான் வடக்கே இருந்த காலத்துச் சம்பவம் ஒன்று. உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருக்கிறேன். சுரங்கத்தின் பெயர் வேண்டாம். மேல் பெஞ்சின் விளிம்பிலிருந்து நாலு மீட்டர் உள்ளே ஒரு விரிசல், உள்ளங்கை நுழையாத அளவு. இரண்டு பக்கமும் ஓர் இரும்பு ஆணி அடித்து, காலையில் ஒரே நேரத்தில் டேப்பால் அளந்தேன். முதல் நாள் 3 மில்லிமீட்டர் விலகியது, அடுத்த நாள் 4, அடுத்தது 7, நாலாம் நாள் 15. ரிஜிஸ்டரில் எழுதினேன். தினமும் அந்தப் பக்கத்தில் மூன்று கையெழுத்து விழுந்தது. "பார்த்தேன்", "பார்த்தேன்", "பார்த்தேன்". மாதக் கடைசி, டன் கணக்கு பாக்கி இருந்தது. மண் அள்ளுகிற ஷாவல் இயந்திரம் கீழே ஓடிக்கொண்டே இருந்தது.

அன்று ராத்திரி ஷிஃப்டில் ஒரு டம்பர் டிரைவர் வண்டியைப் பெஞ்சுக்குக் கீழே விடமாட்டேன் என்று நின்றுவிட்டான். கேட்டதற்கு, "கல்லு உருளுற சத்தம் நிக்கவே இல்ல சார்" என்றான். ஷாவல்காரனும் பயந்து பின்வாங்கினான். நாலு மணி வாக்கில் பெஞ்சின் பாதி உட்கார்ந்தது. கீழே ஓர் ஆள் இல்லை. மறுநாள் டிரைவருக்குக் கிடைத்தது, வேலைக்கு மறுத்ததற்கான மெமோ.

1985இல் ஃபுகுசோனோ என்ற ஜப்பானியர் காட்டிய கணக்கு பிறகுதான் எனக்குப் படிக்கக் கிடைத்தது. விரிசல் விலகும் வேகத்தைத் தலைகீழாக்கி, அதாவது ஒன்றை வேகத்தால் வகுத்து, நாளுக்கு நாள் கோடு போட்டால் அது சரிந்துகொண்டே வரும். பூஜ்யத்தைத் தொடும் இடம்தான் ஏறக்குறைய மண் விழும் நேரம். என் நாலு எண்களைப் போட்டுப் பார்த்தேன். கோடு நேராகத் தரையைப் பார்த்து இறங்கியது. விஷயம் ரிஜிஸ்டரிலேயே இருந்திருக்கிறது, கதிர்.

இப்போது ராடார் வந்துவிட்டது, எதிர்ப்பக்கம் நின்று சரிவின் அசைவை மில்லிமீட்டருக்கும் கீழே அளக்கிறது. அமெரிக்காவில் பிங்காம் கேன்யன் செம்புச் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10 அன்று ஒரு மலையே சரிந்தது. முன்பே கண்டுகொண்டு எல்லோரையும் வெளியேற்றிவிட்டதால் ஒருவருக்கும் காயமில்லை. நம் ஜார்க்கண்டில், ராஜ்மகால் நிலக்கரிச் சுரங்கத்தில், 2016 டிசம்பர் 29 அன்று 23 பேர் புதைந்தார்கள்.

அதனால் அவள் திட்டத்தில் நான் தேடுவது ஒரே ஒரு வரி. விரிசல் ஒரு நாளில் இத்தனை மில்லிமீட்டர் தாண்டினால், இவர் யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தலாம். எண் வேண்டும், பதவிப் பெயர் வேண்டும். "சம்பந்தப்பட்ட அதிகாரி" என்று எழுதினால் அப்படி ஒரு ஆள் உலகத்திலேயே கிடையாது. நிறுத்தியவருக்கு மெமோ இல்லை என்பதையும் அதே தாளில் எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கச் சொல். இந்த இடத்தில் அவளோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இங்கே எனக்கும் ஒரு சின்னச் சுரங்கம் வாய்த்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர், அதற்கு மேல் பக்கத்து வீட்டு மண். போன மாதம் பெயிண்ட் அடித்தபோது, கறை வழிகிறது என்று அவர் சுவரின் வடிகால் துளைகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டார். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியதும், மாவட்டத்தில் 40க்கு மேல் உயிர் போனதும் அவருக்குத் தெரியாது, சமவெளியிலிருந்து வந்தவர். டீ கொடுத்து உட்காரவைத்துச் சொன்னேன். மறுநாள் அவரே கடப்பாரையோடு வந்தார். முதல் துளை திறந்ததும் செம்மண் தண்ணீர் அவர் சட்டையில் பீய்ச்சியடித்தது. பாவம், வெள்ளைச் சட்டை.

சுவரில் முன்பே ஒரு விரிசல் உண்டு. இரண்டு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். வீட்டில் கேலிதான், "இன்னிக்கு டன் எவ்வளவு?" என்று. துளை திறந்த பிறகு ஒன்பது நாளாக ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே 212 மில்லிமீட்டரிலேயே நிற்கிறது.

யாழினியை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்யச் சொல். ஆறு மணிக்கு மேல், மொட்டை மாடிக்கு ஏறினால்தான் எனக்கு சிக்னல். டம்புக்கு அடியில் என்ன மண் என்று தெரிந்துகொண்டு பேசச் சொல். மழை விட்டதும் வர்க்கி வாங்கி அனுப்புகிறேன்.

உன்,
சுந்தரம்